இல்லை நோட்டில் ஒரு பேர்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் மருந்துக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் டாக்டர் கிறுக்கிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முழிக்கிற ஆளிடம் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பூவனநாதன் அண்ணாச்சி கடைக்குப் போங்க. அங்கன சுதான்னு ஒரு பொம்பள இருக்கும். எந்தக் கிறுக்கலா இருந்தாலும் படிச்சிரும்." அந்தக் கடையில் சுதாராணி நிற்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருசம் ஆகிறது. உட்கார ஒரு ஸ்டூல் உண்டு. அதில் எப்போதும் மாத்திரைப் பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கும்.

ஊர் பசுவந்தனை. காலையில் எட்டேகால் பஸ்ஸில் வந்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். மழைக்காலத்தில் வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு வருவதற்குள் கரிசல் மண் செருப்பில் அப்பி ஆளை அரை அடி உயர்த்திவிடும். கடை வாசலில் அதற்கென்றே ஒரு குச்சி வைத்திருந்தாள், சுரண்டிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே ஏறுவாள். புருசன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருசம். ஒரே மகள் பூங்கொடி மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுதாராணிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: "அதத் தெரிஞ்சு நீங்க என்ன செய்யப் போறீய?" ஆனால் கேட்க ஆளில்லை. யாருக்கும் தெரியாது, மகளுக்குக்கூட.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய சந்துக்குள் போவாள். ஒரு பன், ஒரு மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர். டப்பாவில் ஒட்டியிருக்கும் மருந்துப் பேரை ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் ஊறவைத்து உரித்து அடுப்பில் போட்டுவிட்டு, மாத்திரைகளைக் கால்சியம் டப்பாவுக்கு மாற்றிவிடுவாள். பஸ் குலுக்கலில் சத்தம் கேட்காமல் இருக்க மேலே பஞ்சு. மருந்துக்கடைக்காரி மாத்திரை போட்டால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? எட்டு வருசத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் தவறியதில்லை. பெற்ற தாய் செத்துக் கிடந்த அன்றைக்கும் ஆறு மணிக்கு ஒப்பாரியிலிருந்து எழுந்து போய் விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்து அழுதவள். வருசா வருசம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிருமி தட்டுப்படவே இல்லை என்று வரும்.

மருந்து இலவசம்தான். உள்ளூர் ஆஸ்பத்திரியில் வாங்க முடியாது, அங்கே நர்சிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவளைத் தெரியும். அதனால் ரயிலேறி வேறொரு ஊருக்குப் போவாள். எந்த ஊர் என்பது நமக்கு வேண்டாம், அவளே வெளியில் சொன்னதில்லை. கடையில் சொல்வது, "கடம்பூர்ல சித்தி வீட்டுக்குப் போயிட்டு வாரேன் அண்ணாச்சி." போளிக்குப் பேர்போன கடம்பூருக்குப் போனவள் வெறுங்கையோடு வரலாமா? திரும்பும்போது கடம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு பெட்டி போளி வாங்கிக்கொண்டு, அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் காத்துக் கிடப்பாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போளி. அண்ணாச்சி ரசித்துத் தின்பார். "சித்தி நல்லா இருக்காவளா?" என்று கேட்பார். இல்லாத சித்தி நன்றாகவே இருந்தாள்.

அந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது இந்தப் புரட்டாசியில்தான்.

"ஸ்டாக் வரலம்மா. இப்ப எல்லாருக்கும் பத்து நாளைக்குத்தான்" என்றாள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள்.

"மூணு மாசத்துக்குத் தருவீயளே?"

"தந்தோம். இப்ப இல்ல. அடுத்த ஆள் வாங்க."

பத்து மாத்திரை, ஒரு காகிதக் கவரில். பத்தாம் நாள் போனால் ஐந்து. "இருக்கத எல்லாருக்கும் பங்கு வைக்கணும்லாம்மா" என்றார்கள். அந்த நியாயம் சுதாராணிக்குப் புரிந்தது. அவளே தினமும் கவுண்டருக்கு உள்ளே நின்று இல்லை என்று சொல்கிறவள்தானே. புரிந்தது என்பதற்காக எரிச்சல் வராமல் இருக்குமா? ஐந்து மாத்திரைக்கு ஒரு நாள் லீவு, மூன்று ரயில், ஒரு பொய், ஒரு பெட்டி போளி!

"என்னம்மா, கடம்பூர்ல திருவிழாவா? மாசத்துல ரெண்டு தடவ போளி தின்னு எனக்குச் சுகர் வந்துரும் போலுக்கே" என்று அண்ணாச்சி சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். சிரிப்பதற்குள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கையில் மூன்று மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வெள்ளிக்கிழமை மறுபடியும் போய் நின்றாள். அன்றைக்கு ஐந்தும் இல்லை.

"புதன்கிழம வந்துரும்மா."

"எங்கிட்ட ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் இருக்கு. திங்களும் செவ்வாயும் என்ன செய்ய?"

"ரெண்டு நாள் விட்டா ஒண்ணும் ஆயிராதும்மா."

சுதாராணிக்கு உச்சி மண்டை வரை சுர்ரென்று ஏறியது. "என்னது, ஒண்ணும் ஆயிராதா? எட்டு வருசமா இதே ரூம்ல உக்காத்தி வச்சு, ஒரு நாள் விட்டாலும் கிருமி முழிச்சிக்கிடும், பொறவு மருந்து கேக்காதுன்னு என்னைய அதட்டுனது யாரு? எங்க அம்மா செத்த அன்னைக்கும் விடலியே நான்! இப்ப உங்ககிட்ட இல்லன்ன ஒடனே ரெண்டு நாள் ஒண்ணும் ஆயிராதா?"

வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மருந்து கொடுக்கிறவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்கிட்ட கத்தி என்ன செய்ய? மேல இருந்து வந்தாத்தான் நான் குடுக்க முடியும்" என்றாள். அதுவும் உண்மைதான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது ஆளைத் தின்றுவிடும்.

அந்த ஊரிலேயே மூன்று தனியார் மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினாள். முதல் கடையில், "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்ல." இரண்டாவதில் பேரைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சீட்டைத் திருப்பி நீட்டினார்கள். மூன்றாவது கடைக்காரன், நாலு பேர் நிற்கும்போது, "யாருக்கும்மா இது? உங்களுக்கா?" என்று உரக்கக் கேட்டான். "எங்க பக்கத்து வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியவளுக்கு அழுகை வந்தது. தன்னை நினைத்து இல்லை. அவளும் இத்தனை வருசத்தில் எத்தனை பேரிடம் கூட்டத்துக்கு நடுவே, "இது யாருக்கு? எத்தன நாளா இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறாள்!

ரயிலில் கடம்பூர் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை.

"போளி எங்கம்மா?" என்றார் அண்ணாச்சி, சனிக்கிழமை காலையில்.

"கட அடைச்சிருந்தாவ அண்ணாச்சி."

"கடம்பூர்ல போளிக் கடைய அடைச்சிருந்தாவளா?" அவர் நம்பாமல் பார்த்தார். அவள் திரும்பி நின்று பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் கடையில் ஒரு நோட்டு உண்டு. வந்து கேட்டு, இல்லாமல் போன மருந்தையெல்லாம் எழுதிவைக்கிற நோட்டு. இல்லை நோட்டு என்றுதான் சொல்வார்கள். சுதாராணி ஆரம்பித்து வைத்தது. மருந்தின் பேர், கேட்டவர் பேர், ஊர், போன் நம்பர், இந்த நாலும் இருந்தால்தான் எழுதலாம். ஆள் பேர் தெரியாமல் வரவழைத்த மருந்து விற்காமல் கிடந்து காலாவதியான பிறகு வைத்த சட்டம் அது. மதியம் மூன்று மணிக்கு அண்ணாச்சி போனில் மதுரை ஏஜென்சிக்கு வரிசையாக வாசிப்பார். மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் பார்சல் வந்துவிடும். ஞாயிறு குறுக்கிட்டால் திங்கள். "நம்ம நோட்டுல பேர் ஏறிட்டா மருந்து வந்தே தீரும்" என்பது அண்ணாச்சி எல்லோரிடமும் அடிக்கிற தம்பட்டம். பொய்யில்லை, ஒருமுறைகூடத் தவறியதில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில், சுதாராணி நோட்டைத் திறந்தாள். இன்சுலின் ஊசிக்கும் பச்சைப் பிள்ளைக்கான சொட்டு மருந்துக்கும் கீழே தன் மருந்தின் பேரை எழுதினாள். கேட்டவர் பேர், வெயிலுகந்தம்மாள். அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு வெயிலுகந்தம்மாள் உண்டு. ஊர், பசுவந்தனை. போன் நம்பரில் வந்து பேனா நின்றது.

வாயில் வந்த பத்து எண்ணைப் போடலாம். அது யாரோ ஒருவருடைய நம்பராக இருந்துவிட்டால்? யாராவது கூப்பிட்டு, உங்க எச்.ஐ.வி. மருந்து வந்திருக்கு என்று சொல்லித் தொலைத்தால், அந்தக் குடும்பம் என்ன ஆகும்? காலியாக விட்டால் அண்ணாச்சி அந்த வரியை வாசிக்கவே மாட்டார். கடைசியில் தன் நம்பரையே எழுதினாள். பார்சல் வந்தால் நோட்டைப் பார்த்து எல்லோருக்கும் போன் போடுகிறவள் அவள்தான். பன்னிரண்டு வருசத்தில் அண்ணாச்சி ஒரு வாடிக்கைக்காரருக்கும் போன் போட்டதில்லை. அந்த நம்பிக்கையில்தான் எழுதினாள்.

மூன்று மணிக்கு அண்ணாச்சி போனை ஸ்பீக்கரில் போட்டு வாசித்தார். ஊசி, சொட்டு மருந்து, அடுத்து இது. பேர் வாயில் நுழையாமல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அந்தப் பக்கம் ஏஜென்சிக்காரன் பேரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். பிறகு, "அண்ணாச்சி, இது எச்.ஐ.வி. மாத்திரைல்லா? உங்க கடைக்கு எப்பருந்து இது?" என்றான்.

"பொறவு கூப்பிடுதேன்" என்று அண்ணாச்சி போனை வைத்தார். நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஏம்மா சுதா, யாரு இந்த வெயிலுகந்தம்மா? எப்ப வந்தா?"

"காலைல."

"இங்கன நின்னா கேட்டா?" தோள் துண்டை எடுத்துக் கவுண்டர் கண்ணாடியைத் துடைத்தார். பூவனநாதன் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. காசில்லாதவனுக்கும் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்புகிறவர். முப்பது வருசமாக மருந்து விற்கிறவர் கண்ணாடியைத் துடைக்கிறாரே, அதைப் பார்க்கத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

"நாலு பேர் வந்து போற எடம்மா. இதெல்லாம் நமக்கு வேண்டாம். போனப் போட்டு, கெடைக்காதுன்னு சொல்லிரு."

"மருந்துக்கடைக்கு நோயாளி வராம மாப்பிள்ளையா வருவாவ?"

"என்னம்மா பேசுத நீ? ஒனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். சொல்லிரு."

"திங்கக்கெழம சொல்லிக்கிடுதேன்."

"அது வர என்னத்துக்கு? இந்தா, நானே சொல்லுதேன்."

அண்ணாச்சி நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார். பத்தாவது எண் முடிந்ததும் போனில் 'சுதா கடை' என்று பேர் வந்தது. தப்பாக அமுக்கிவிட்டோமோ என்று அவர் நோட்டைத் திரும்பப் பார்க்கும்போதே கவுண்டருக்குக் கீழே அவள் கைப்பைக்குள் மணி அடித்தது.

அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. சுதாராணி குனிந்து பையைத் திறந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள். மூன்றடி தள்ளி நின்ற அண்ணாச்சியும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி. வெயிலுகந்தம்மாதான் பேசுதேன்."

அவர் பார்வை நோட்டுக்கும் அவளுக்கும் நடுவே அலைந்தது.

"இங்கனதான் நின்னேன். பன்னெண்டு வருசமா இங்கனதான் நிக்கேன். ஒங்களுக்கு ஒண்ணும் ஆவல, ஆவவும் ஆவாது. நாளையோட எனக்கு மருந்து முடியுது. ஆஸ்பத்திரில இல்லங்காவ, கடைல இல்லங்காவ. நான் யார்கிட்டயும் பிச்ச கேக்கல. திங்கக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு மாத்திர வேணும். வருமா, வராதா?"

அண்ணாச்சி போனை மெதுவாகக் கீழே வைத்தார். அவளைப் பார்க்காமல், "நீ வீட்டுக்குப் போம்மா. நான் சொல்லி அனுப்புதேன்" என்றார்.

"நோட்டுல ஏறிட்டு அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். காலி டப்பாவில் பஞ்சு மட்டும் கிடந்தது. செத்துப்போவோம் என்ற பயம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. நன்றாக இருக்கிறவளை, ஒரு தப்பும் செய்யாமல் ஒழுங்காக மருந்து தின்று வருகிறவளை, ஒரு மாத்திரைக்காக இப்படி வாசல் வாசலாக நிறுத்துகிறார்களே என்கிற ஆத்திரம்தான். நோயைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் காகிதம் கோவில்பட்டிக் கடைத்தெரு வரை நடந்தா வரும்?

திங்கட்கிழமை முழுக்க அண்ணாச்சியிடமிருந்து போன் இல்லை. நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துக் கடைக்குப் போனாள். முதல் தடவையாகக் கவுண்டருக்கு வெளியே, வாங்க வந்தவர்களோடு நின்றாள். கடையில் ஏகக் கூட்டம். அண்ணாச்சி ஒற்றை ஆளாக வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். எந்த மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. மதுரைப் பார்சல் பிரிக்காமல் கால்மாட்டில் கிடந்தது. அதற்குள் இருக்கிறதா இல்லையா? அவளைப் பார்த்தார், பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டார்.

முன்னால் நின்ற கிழவர் வன்னியபெருமாள். விதைப்புக்கு நடுவில் ஓடிவந்தவர், காலில் கரிசல் மண் இன்னும் காயவில்லை. அவர் கொடுத்த சீட்டை அண்ணாச்சி வெளிச்சத்தில் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், ஏதோ ஓர் அட்டையை எடுத்தார்.

"அது இல்ல அண்ணாச்சி!" சுதாராணிக்கு வாய் தானாக வந்துவிட்டது.

கிழவர் திரும்பினார். "ஏ தாயி, நீ என்ன வெளிய நிக்க? இத என்னன்னு பாரு, வீட்டுல அவ ரெண்டு நாளாத் தலையத் தூக்கல."

சீட்டை வாங்கிப் படித்தாள். "பிரசர் மாத்திர. ரெண்டாவது தட்டுல, எடக்கைப் பக்கம், அண்ணாச்சி. காலைல ஒண்ணு மட்டும் தாத்தா, வெறும் வயித்துல வேண்டாம்." அடுத்த ஆளும் சீட்டை அவளிடமே நீட்டினார். அதற்கடுத்த அம்மாளும். வெளியே நின்றபடியே அவள் சொல்லச் சொல்ல, உள்ளே அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். நாலு சீட்டு முடிந்தது. கடைக் கடிகாரத்தில் ஆறாக ஐந்து நிமிசம் இருந்தது. ஐந்தாவதாக நீண்ட சீட்டை அவள் கையில் வாங்கவில்லை.

"ஒரு நிமிசம் இருங்க. அடுத்தது என் முறை" என்றாள். பையிலிருந்து, ஆஸ்பத்திரியில் மருந்து குறித்துத் தரும் புத்தகத்தை எடுத்து, எட்டு வருசமாக ஒருவர் கண்ணிலும் காட்டாத அந்தப் புத்தகத்தை, கவுண்டர் கண்ணாடிமேல் விரித்து வைத்தாள். "அண்ணாச்சி, என் மருந்து வந்துச்சா?"

"பார்சல் இன்னும் பிரிக்கல."

"பிரிங்க."

கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி குனிந்து கத்தரியால் நாடாவை வெட்டினார். ஊசிப் பெட்டி, சொட்டு மருந்து, அதற்குக் கீழே வெள்ளை டப்பா. சனிக்கிழமை மூன்றரை மணிக்கோ நாலு மணிக்கோ அவர் ஏஜென்சிக்காரனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். நோட்டின் தம்பட்டத்தைக் காப்பாற்றவா, வேறெதற்காவதா, அவருக்கே தெரிந்திருக்குமோ என்னமோ.

பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பில்லு என்ன பேருல போட?"

"சுதாராணின்னு போடுங்க" என்றாள் அவள், தாழ்த்தாமல்.

பணத்தை வைத்தாள். டப்பாவை அங்கேயே திறந்தாள். பையிலிருந்த பன்னைப் பிய்த்து வாயில் போட்டு, மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவரவருக்கு அவரவர் சீட்டுத்தான் பெரிது. மணி ஆறு.

வன்னியபெருமாள் இன்னும் போகவில்லை. "தாயி, நாளைக்கு நீ கடையில இருப்பேல்லா? மகளுக்கு ஒரு சீட்டு காட்டணும்."

"அண்ணாச்சியக் கேளுங்க தாத்தா."

கிழவர் அண்ணாச்சியைப் பார்த்தார். சீட்டோடு நின்ற ஏழெட்டுப் பேரும் பார்த்தார்கள். அண்ணாச்சி கையிலிருந்த கத்தரியை வைக்க இடம் தேடினார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இருப்பா, இருப்பா" என்றார் கடைசியில். "ஒம்பது மணிக்கு வந்துருவா."

சுதாராணி கவுண்டர் பலகையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே ஏறினாள். ஐந்தாவது ஆளின் சீட்டுக்குக் கையை நீட்டியபடி, "புதங்கெழம எனக்கு லீவு வேணும் அண்ணாச்சி" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போகணும். போளி வராது."